தென்காசி பஸ்ஸில் போன சீவாளிப் பை

அக்கா,

இன்று காலை கடையில் மூட்டுவலித் தைலக் குப்பி ஒன்று என் கைதவறி விழுந்து உடைந்தது. கற்பூரமும் ஓமமும் கலந்த அந்த வாசனை கடை முழுக்கப் பரவியது. மருந்து வாங்க நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். "ஏட்டி கிரேசு, பாத்து கூட்டு, காலுல குத்தப் போவுது" என்று நீங்கள் சொல்வீர்கள் என ஒரு கணம் நிஜமாகவே காத்திருந்தேன். கடை முதலாளி "என்னம்மா ஆச்சு?" என்று கேட்ட பிறகுதான் கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. போன வாரம் நம் இசை விழாவும் நடந்து முடிந்தது. அதில் நடந்த ஒன்றை உங்களிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதற்கு முன்னால் இன்னொரு கதையைச் சொல்லியாக வேண்டும். அது உங்களுக்குத் தெரிந்த கதைதான். எனக்குத்தான் அதில் பாதி தெரியாமல் இருந்தது.

ஐந்து வருஷத்துக்கு முன்பு நீங்கள் முதன்முதலாக எங்கள் மருந்துக் கடைக்கு வந்ததும் அந்தத் தைலத்துக்காகத்தான். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சொந்த ஊரான தேவதானத்துக்குப் போகாமல் ராஜபாளையத்திலேயே தங்கிவிட்ட ஏட்டம்மா என்று உங்களைத் தெரு முழுக்கத் தெரியும். நான் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைக்குப் பழகிய பாட்டை முனகிக்கொண்டிருந்தேன்.

"நீங்க சர்ச்சுல பாடுவீங்களோ?" என்றீர்கள்.

"கொயர்ல பின்வரிசையில நிப்பேங்க."

"மாசியில எங்க இசை விழாவுக்கு வாங்க."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "ஐயோ, மேடையில எல்லாம் நான் பாட மாட்டேங்க."

"பாடுறதுக்கு ஆளு நெறைய இருக்கு. சேர் தூக்கத்தான் ஆளு இல்ல" என்றீர்கள், சிரிக்காமல்.

அப்படித்தான் நான் உங்கள் படையில் சேர்ந்தேன். நம் தெருக்காரர்களும் மில் தொழிலாளர்களும் சேர்ந்து ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு நாள் நடத்தும் விழா. சனிக்கிழமை மதியம் தெலுங்கு பஜனைக் குழுவில் ஆரம்பித்து, வில்லுப்பாட்டு, எங்கள் கொயர், கிருஷ்ணன்கோவில் கல்லூரிப் பிள்ளைகளின் கிட்டார், நையாண்டி மேளம் என்று ஞாயிறு வரை ஓடும். பாடுகிற யாருக்கும் சால்வைக்கு மேல் எதுவும் கிடையாது. நமக்கு அதுவும் கிடையாது. ஒரு மஞ்சள் பேட்ஜும் இரண்டு வேளைச் சாப்பாடும்தான்.

வந்த முதல் நாளே எனக்கு ஒன்று புரிந்துபோனது. இத்தனை இசைக்கும் நடுவில் ஓடி ஓடி வேலை பார்க்கும் உங்களுக்கு இசை என்றால் என்னவென்றே தெரியாது. உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டே வகை. வேகமான பாட்டு, மெதுவான பாட்டு. நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் "வே" என்றும் "மெ" என்றும் பேனாவால் எழுதி வைத்திருந்தீர்கள். எதற்கு என்று கேட்டேன்.

"மெதுவான பாட்டு வந்தா கூட்டம் டீ குடிக்க எந்திரிக்கும். அந்த நேரம் கேட்டுல ரெண்டு ஆளக் கூடப் போடணும். வேகமான பாட்டு வந்தா முன்னால ஆட வருவான். மேடைக்குப் பக்கத்துல ஆளு வேணும்."

சங்கீதத்தை இப்படியும் அறியலாம் என்று அன்றுதான் கண்டேன். அந்த விழாவில் ஒரு நாற்காலிகூடக் கவிழவில்லை. முன்வரிசையில் வயதானவர்களுக்கு என்று போட்டிருந்த இடத்தில் ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்து எழ மறுத்தபோது நீங்கள் சத்தம் போடவில்லை. அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, "ஐயா, ஒங்களுக்கு எம்புட்டு வயசுன்னு மைக்குல சொல்லிருவமா?" என்று மட்டும் கேட்டீர்கள். மனிதர் எழுந்து நாலாவது வரிசைக்குப் போய்விட்டார்.

என்னை "நீங்க" என்பதிலிருந்து "ஏட்டி"க்கு நீங்கள் மாறியது அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாம்பார் வாளிக்குப் பக்கத்தில். "ஏட்டி, மொதல்ல நீ தின்னு. பொறவு பரிமாறு." எனக்கு அக்கா கிடையாது. அன்றிலிருந்து உண்டு.

இரண்டாம் வருஷத்துக்கு வருகிறேன்.

அதற்குள் என் வீட்டுக் கதை ஒன்றும் உங்களுக்குத் தெரிந்திருந்தது. நான் மறதிக்காரி. தங்கை கல்யாணத்துக்கென்று தைத்து வாங்கிய ரவிக்கையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தவள். அவள் யாருடைய ரவிக்கையையோ ஊக்குப் போட்டு இறுக்கிக்கொண்டு சர்ச்சில் பீடத்துக்கு முன்னால் நின்றாள். இருபத்தைந்து வருஷமாக எந்தக் கிறிஸ்துமஸுக்குக் குடும்பம் கூடினாலும் அந்தக் கதை இல்லாமல் சாப்பாடு இறங்காது. என் வீட்டுக்காரர்தான் ஆரம்பிப்பார். கெட்ட எண்ணத்தில் இல்லை. எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் அடுப்படிக்குப் போனதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். இதை நான் உங்களிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். நீங்கள் முழங்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அந்த வருஷம் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு நாதஸ்வரம். வாசிக்க வேண்டியவள் ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகம். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோயிலிலும் கல்யாணத்திலும் வாசித்தவள், முதல்முறையாகத் தனியாக மேடையேறப் போகிறாள். அவளை அழைத்துவர விழா வேன் போக வேண்டியது. அது கல்லூரிப் பிள்ளைகளை ஏற்றிவரப் போய்விட்டதால் என்னைப் பஸ்ஸில் அனுப்பினீர்கள்.

செண்பகம் நாதஸ்வரத்தைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். கூட ஒரு சின்னத் துணிப்பை. "அக்கா, இத மட்டும் பாத்துக்கோங்க. சீவாளி இருக்கு" என்று என் கையில் கொடுத்தாள். நாதஸ்வரத்தின் வாயில் செருகி ஊதுகிற நாணல் துண்டுதான் சீவாளி. ஒவ்வொருவரும் தங்கள் மூச்சுக்கும் உதட்டுக்கும் ஏற்றபடி பழக்கி வைத்திருப்பார்களாம். இன்னொருவருடையதை வாங்கி ஊத முடியாது என்று பஸ்ஸில் வரும்போது அவளே எனக்கு விளக்கினாள். நான் அக்கறையாகக் கேட்டுக்கொண்டு, பையை ஜன்னல் கம்பிப் பக்கமிருந்த கொக்கியில் மாட்டினேன். மடியில் உங்களுக்காக வாங்கிய பால்கோவா பெட்டி இருந்தது. உங்கள் சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவளும் நான்தான், பால்கோவா வாங்கிக் கொடுப்பவளும் நான்தான். கடவுள் மன்னிப்பாராக.

முகூர்த்த நாள், பஸ்ஸில் நிற்க இடமில்லை. நான் என் ஸ்கூட்டரை விட்டுப் போயிருந்த ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நீங்கள் காத்திருந்தீர்கள். செண்பகம் முன்னால் இறங்கினாள். நான் படியில் நின்று, சாமான்களை ஒவ்வொன்றாக உங்கள் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். அவளை ஆட்டோவில் ஏற்றி மைதானத்துக்கு அனுப்பினீர்கள். நாம் ஸ்கூட்டரில் பின்னாலேயே கிளம்பினோம். பாதி தூரம்கூடப் போகவில்லை.

"ஏட்டி, பெட்டி கனமா இருக்கே, ஒரு கிலோவா?" என்று பின்னாலிருந்து கேட்டீர்கள்.

அந்தக் கேள்வியில்தான் எனக்கு உறைத்தது. பால்கோவாவைப் பத்திரமாக இறக்கியிருக்கிறேன். பை கொக்கியிலேயே தொங்குகிறது.

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. "அக்கா, நான் இதுக்கெல்லாம் லாயக்கில்ல. இனிமே எந்த விழாவுக்கும் என்னக் கூப்பிடாதீங்க. இந்தப் பேட்ஜ நீங்களே வச்சுக்கோங்க."

எப்படி மறந்தாய் என்று கேட்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கேட்டது, "அது எங்க போற பஸ்ஸு?"

"தென்காசி."

"அப்ப வண்டியத் திருப்பு. அழுவாத ஏட்டி. கண்ணு மறைக்கும். நீதான ஓட்டுத."

ஸ்டாண்டுக்குள் நுழைந்தபோது பஸ் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. மணி ஐந்து தாண்டிவிட்டது. தெற்கே விட்டோம். எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்து பன்னிரண்டு வருஷம், முள் நாற்பதைத் தாண்டியதே இல்லை. "நாப்பதுல போனா பஸ்ஸு புளியங்குடி போயி டீ குடிச்சிட்டு வந்துரும்" என்று என் தோளில் தட்டினீர்கள். ஐம்பது. இன்னொரு தட்டு. அறுபது. வலப்பக்கம் மலை ஓடி வந்தது. சேலைத் தலைப்பு காதில் படபடவென்று அடித்தது. எனக்கு வாய்க்குள் ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் ஒரு கையால் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையில் போனை வைத்து தேவதானத்திலிருந்த உங்கள் தம்பியிடம் கத்திக்கொண்டிருந்தீர்கள்.

"ஏலே, தென்காசி பஸ்ஸு வருது. நான் வார வரைக்கும் நிறுத்தி வையி... எப்படின்னு எனக்கென்ன தெரியும்? ஆனா சட்டத்துக்கு உட்பட்டு நிறுத்து!"

சேத்தூர் கடைத்தெருவில் ஒரு கல்யாண ஊர்வலம் குறுக்கே வந்தது. நீங்கள் பின்சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தீர்கள். மாப்பிள்ளை கார் உட்பட எல்லாம் ஓரம் ஒதுங்கியது. மணப்பெண் எட்டிப் பார்த்து நமக்குக் கையசைத்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

தேவதானம் ஸ்டாப்பில் பஸ் நின்றது. அதன் பின்படியில் ஒரு ஆட்டுக் கிடா முன்னங்காலிரண்டையும் ஊன்றி நின்றது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு உங்கள் தம்பி கண்டக்டரோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

"ஆட்ட ஏத்தக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு? காட்டுங்க, நான் எறங்கிருதேன்."

"அண்ணே, அதையெல்லாம் எழுதிப் போட மாட்டாங்கண்ணே!"

"அப்ப அரை டிக்கெட்டாவது குடுங்க. சின்ன ஆடு."

பஸ்ஸே சிரித்துக்கொண்டிருந்தது. ஏழு நிமிஷமாக இந்தப் பேச்சு நடக்கிறது என்று பிறகு தெரிந்தது. நீங்கள் முழங்கால் வலியையும் மறந்து முன்படியில் ஏறினீர்கள். நான் உட்கார்ந்திருந்த சீட்டில் இப்போது ஒரு பெரியம்மா. அவர் மடியில் நம் பை.

"கோயில் பிரசாதமா இருக்குமோன்னு தொறக்காம வச்சிருக்கேன் தாயி" என்று நீட்டினார்.

கண்டக்டருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "இந்தப் பைக்கா இம்புட்டுக் கூத்து?"

"தம்பி, இது இல்லன்னா அங்க ஒரு பொண்ணு அம்புட்டுக் கூட்டத்துக்கு முன்னால வெறுங்குழல வச்சுக்கிட்டு நிக்கும்" என்றீர்கள். கண்டக்டர் சிரித்துக்கொண்டே விசில் கொடுத்தார். கிடாவும் தம்பியும் இறங்கினார்கள்.

திரும்பும் வழியில் பின்னால் காகிதம் கிழிபடும் சத்தம் கேட்டது. "டென்ஷன்ல சுகர் எறங்கிருச்சு" என்றீர்கள், வாய் நிறைய பால்கோவாவோடு. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மைதானத்தை அடையும்போது ஆறு மணிக்குப் பத்து நிமிஷம். விழாச் செயலாளர் கேட்டருகே தெலுங்கும் தமிழுமாகப் புலம்பியபடி குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். "நீ வண்டிய விட்டுட்டு மெதுவா வா" என்று சொல்லிவிட்டுப் பையோடு நீங்கள் மேடைக்குப் பின்பக்கம் போனீர்கள். நான் வண்டியை நிறுத்தி, முகத்தைக் கழுவி, செண்பகத்தின் கண்ணில் படாமல் ஒரு தூணோரமாக நின்றேன். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. செண்பகம்கூட மேடையேறும் முன் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ரொம்ப நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று அவள் வாசித்ததைப் பற்றி எழுத எனக்குத் தகுதி போதாது. முதல் பத்து நிமிஷம் மைதானத்தில் யாரும் டீ குடிக்கப் போகவில்லை. தவில் சேர்ந்துகொண்ட பிறகு நாற்காலியில் இருந்தவர்கள் நுனிக்கு வந்துவிட்டார்கள். அவளுடைய அப்பா மேடைக்குக் கீழே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே தாளம் போட்டார். நீங்கள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நிரலை விரித்தீர்கள்.

"ஏட்டி, இது வேகமான பாட்டா, மெதுவான பாட்டா?"

"மெதுவா ஆரம்பிச்சு வேகமாப் போவுது அக்கா."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "ரெண்டும்" என்று எழுதினீர்கள்.

அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் கூட்டம் போடும்போதெல்லாம் செயலாளர் உங்களைப் பார்த்து, "ஏட்டம்மா, பை பத்திரம்!" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நீங்கள் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பீர்கள். பையை மீட்டு வந்த வீரத்துக்காகச் சொல்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

போன ஆவணியில் ஒரு காலை, வாசலில் பேப்பர் எடுக்கப் போன நீங்கள் திரும்பி உள்ளே வரவில்லை. ராணுவத்தில் இருக்கும் உங்கள் மகன் இரண்டு விமானம் மாறி வந்து சேர்ந்தான். தேவதானத்துக்கே கொண்டுபோனோம். ஒரு வாரம் கழித்து நான் உங்கள் வீட்டு அடுப்படியில் வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது செண்பகம் வந்தாள். இப்போது அவளுக்குத் தமிழ்நாடு முழுக்கக் கச்சேரி. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எம்புட்டுப் பெரிய மனசு கிரேசக்கா அவியளுக்கு" என்றாள். "அன்னைக்கு வந்ததும் எங்கிட்டயும் எங்க அப்பாகிட்டயும் கையப் புடிச்சுக்கிட்டு, 'கிரேசு ஒழுங்காத்தான் எங்கிட்ட குடுத்தா. ஆட்டோ புடிக்கிற அவசரத்துல நாந்தான் பஸ் படியில வச்சிட்டு மறந்துட்டேன், மன்னிச்சுக்கோ தாயி'ன்னு சொன்னாங்க. போலீஸ்ல இருந்தவிய யாரு இப்படி ஒத்துக்கிடுவா? செயலாளர் அத வச்சு ரெண்டு வருசமா கேலி பண்ணாரு. ஒரு நாளு மொகம் சுளிச்சிருப்பாங்களா?"

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் அதை அணைக்கவும் மறந்தேன்.

சிரிக்கவா அழவா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன், அக்கா. பிறகு செண்பகத்திடம் உள்ளதைச் சொன்னேன். கொக்கி, பால்கோவா, எல்லாவற்றையும். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். துக்க வீட்டு அடுப்படியில் இரண்டு பெண்கள் தோள் குலுங்கச் சிரிப்பதை உங்கள் மதினி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அன்று வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு ரவிக்கைக் கதையை அவர் எடுக்கவில்லை. நானே எடுத்துச் சொன்னேன். முதல்முறையாக அது எனக்கும் வேடிக்கையாக இருந்தது.

இப்போது போன வார விஷயம்.

உங்கள் இடத்தில் என்னைப் போட்டார்கள். நிரலில் "வே", "மெ" எழுதினேன். சனிக்கிழமை நான்கு மணிக்கு எங்கள் கொயர் பாட வேண்டும். மூன்றேகாலுக்குக் கொயர் மாஸ்டர் மேடைக்குப் பின்னால் வெளிறிப்போய் நின்றார். ஐம்பத்தைந்து வயது, சபையில் எல்லாரையும் நேரத்துக்கு வரச்சொல்லிக் கண்டிக்கிறவர். கீபோர்டுக்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டரை, காலையில் நாங்கள் பயிற்சி எடுத்த ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சிலேயே விட்டுவிட்டாராம்.

"எல்லார் மொகத்துலயும் எப்படி முழிப்பேன் சிஸ்டர்?" என்றார்.

"சர்ச்சுச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டேன். "போன் போட்டுச் சொல்லிட்டு வண்டியில ஏறுங்க."

அறுபதில் போனேன். அவர் பின்னால் உட்கார்ந்து பைபிளிலிருந்து சங்கீதம் ஒன்றை ஜெபம்போலச் சொல்லிக்கொண்டே வந்தார். நான்குக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது திரும்பிவிட்டோம். கேட்டில் செயலாளர் இடுப்பில் கைவைத்து நின்றார். அவருக்குப் பின்னால் கொயர் முழுவதும், சின்னப் பிள்ளைகள் உட்பட, மாஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றது.

"அடாப்டர யாரு விட்டுட்டு வந்தது?" என்றார் செயலாளர்.

மாஸ்டர் வாயைத் திறந்தார். அதற்குள் நான் சொல்லிவிட்டேன். "நாந்தான் சார். காலையில எடுத்து வைக்கச் சொன்னாரு, மறந்துட்டேன்."

யாருக்கும் ஒரு நிமிஷம்கூடச் சந்தேகம் வரவில்லை. என் பெயர் அப்படி. செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார், பிள்ளைகள் சிரித்தார்கள், கூட்டத்தில் யாரோ கையும் தட்டினார்கள். மாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகு நிமிர்ந்து மேடைக்குப் போனார். அன்று அவர்கள் பாடியது மெதுவான பாட்டு. யாரும் டீ குடிக்க எழவில்லை.

நான் கேட்டிலேயே நின்று கேட்டேன். எனக்குள் அப்படி ஒரு குஷி. இதில் இத்தனை சுகம் இருக்கிறது என்று நீங்கள் ஒரு நாள்கூடச் சொல்லவில்லையே, அக்கா!

உங்கள்,
கிரேசு